எழுதுதலும் பேணுதலும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் தாம் கற்ற கல்லூரியின் சிறப்பை எடுத்துரைத்தலும், தம்மை ஆளாக்கிய ஆசிரியரை நினைந்து போற்றுதலும் நெடுநாள் வழக்கு. யாமும் ஓர் ஆசிரியப் பெருந்தகையைப் பற்றியே எழுதப் புகுந்தோம். ஆயின், அவரைப் போற்றுமுன் அவருக்கு யாம் இழைத்த தவறொன்றை ஒப்புக்கொள்ளுதல் எமது கடனாகின்றது. கணினியில் எழுதியதைச் சேமியாது விட்டமையே அத்தவறு. கேட்பவர்களுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். அதனால் நேர்ந்த இழப்புச் சிறியதன்று என்பதைப் பழைய மாணவ அன்பர்கள் கட்டுரையின் முடிவிற் காண்பார்கள். அவ்விழப்பை ஓரளவேனும் ஈடுசெய்ய வல்லவர்களும் அவர்களே.

உடுவிலிற் பிறந்து, இக்கல்லூரியிற் கற்று, கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெற்று, இன்று தமிழ் கற்பித்து வரும் எமக்குக் கணினியைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டென்று சிலர் வினவக்கூடும். பட்டறிவு ஒன்றே தகுதி. சுட்ட பிள்ளை நெருப்பின் இயல்பைச் சொல்வதற்கு நூல் கற்றிருத்தல் வேண்டுவதில்லை.

எமது ஊரிலே, தோட்ட வெளியை நோக்கிய பழைய நாற்சார் வீடொன்றில், எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். 1960 ஆம் ஆண்டு இக்கல்லூரியிற் பணி ஏற்று, 1996 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். அவர் தமது பணியின் முற்பகுதியில் மாணவர்களைக் கொண்டு கையெழுத்துச் சஞ்சிகை ஒன்றை நடத்தினார். அச்சேறாத அச்சஞ்சிகையில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பிரதியே உண்டு. அழகாக எழுத வல்ல மாணவன் ஒருவன் அதனைப் படியெடுப்பான். சித்திரம் வரைபவன் அட்டையை ஒப்பனை செய்வான். இதழ் வகுப்புக்கு வகுப்பு கைமாறிச் சென்று, இறுதியில் ஆசிரியரிடமே மீளும். அவ்வாறு மீண்ட இதழ்களை எல்லாம் அவர் தகரப் பெட்டி ஒன்றில் வைத்துக் காத்து வந்தார்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்த கதையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பொழுது பதினைந்து வயதினராய் இருந்த யாமும் அக்கூட்டத்தில் நடந்தோம். ஆசிரியர் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது பெட்டி உடைந்து கிடந்தது. அதனுள் மழைநீர் ஊறிய மண்ணும் கறையான் புற்றுமே எஞ்சியிருந்தன. அன்று தொட்டு அச்சஞ்சிகை வாழ்ந்த இடம் ஒன்றே. அஃது ஆசிரியரின் நினைவு.

இவ்விழா மலரைத் தொகுக்கும் குழுவினர் அந்நினைவுகளை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதும் பணியை எம்மிடம் ஒப்படைத்தனர். அஃது 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஆசிரியருக்கு அப்பொழுது வயது எண்பத்தாறு. எரிபொருள் இன்மையால் நாடெங்கும் மின்வெட்டு நிகழ்ந்த காலம் அது. அம்மாதம் 31 ஆம் நாள் மின்வெட்டு 13 மணி நேரம் என்னும் அளவை எட்டியதை அன்பர்கள் மறந்திரார்கள். மின்சாரம் நிற்கும் நேரம் முன்னரே அறிவிக்கப்பட்டது. ஆதலின் பாடசாலை முடிந்த பின்னர், மின்சாரம் உள்ள பொழுதைக் கணக்கிட்டுக்கொண்டு, மடிக்கணினியைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிச் சென்று, நான்கு மாலைகள் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்.

எமது மடிக்கணினியின் பற்றரி முன்னரே செயலற்றுப் போயிருந்தது. மின்சாரம் உள்ளவரையே அஃது இயங்கும். எழுதிய கோப்பை, வினாத்தாள்களும் புள்ளிப் பட்டியல்களும் நிறைந்திருந்த பழைய பென் ட்ரைவ் ஒன்றில் வைத்திருந்தோம். முதல் மூன்று மாலைகளும் குறையின்றிக் கழிந்தன. நான்காம் நாள், ஆசிரியர் வீட்டுச் சுவரிலிருந்த பழைய படங்களைக் கைபேசியாற் பிடித்து, அவற்றை அந்தக் கோப்பிலேயே இணைத்தோம். பின்னர் அவர், சஞ்சிகையில் எழுதிய மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பெயர் மட்டுமன்று, அவன் எழுதியது கதையா, கவிதையா, எந்த ஊரிலிருந்து நடந்து வருவான், எந்தச் சொல்லில் வழக்கமாகப் பிழை விடுவான் என்பன வரை சொன்னார். முப்பத்தொரு பெயர்கள்.

பத்தாம் பெயரோ பதினோராம் பெயரோ எழுதியபோது சேமிக்கும் விசையை அழுத்தினோம். இடம் போதாமையாற் சேமிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி திரையில் எழுந்தது. ஆசிரியர் கண்களை மூடியபடி சொல்லிக்கொண்டிருந்தார். அவரது நினைவின் ஓட்டத்தைத் தடுத்தல் ஆகாது என்றெண்ணிய யாம், அச்செய்தியை முழுவதும் வாசியாமலே மூடிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தோம். மீண்டும் ஒருமுறை அழுத்தினோம், மீண்டும் அதே செய்தி, மீண்டும் மூடினோம். முப்பத்தோராம் பெயர் முடிந்தது. “எழுதியாச்சுதோ, தம்பி?” என்று கேட்டார். “ஓம் ஐயா, எல்லாம் எழுதியாச்சு” என்றோம். அவர் மகள் தேநீர் கொண்டுவந்தார். அதனைப் பருகிக்கொண்டிருக்கையில், அறிவித்த நேரத்தில் மின்சாரம் நின்றது. திரை இருண்டது.

யாம் ஆசிரியருக்குச் சொன்ன விடை பொய்யன்று. எல்லாம் எழுதப்பட்டே இருந்தது. ஆனால் எதுவும் பேணப்படவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறியவனுக்கு எழுதுதலும் பேணுதலும் ஒன்றே. கீறிய கணமே எழுத்து ஓலையில் நின்றது. மை தொட்டுத் தாளில் எழுதியவனுக்கும், தட்டச்சுப் பொறியில் அடித்தவனுக்கும் அவ்வாறே. கணினியில் எழுதுவோனுக்கோ விரல் தட்டிய எழுத்து முதலில் நினைவகத்தில் நிற்கின்றது. அந்நினைவகம் மின்சாரம் உள்ளவரையே நினைவுடையது. அதிலிருந்து வன்தட்டுக்கோ பென் ட்ரைவுக்கோ எழுத்தைக் கொண்டு சேர்த்தாற்றான் அது நிலைக்கும். திரையிற் காண்பதைத் தாளிற் கண்டதாகக் கொள்ளும் பழைய வழக்கமே எம்மை ஏமாற்றியது.

கணினி கற்பிக்கும் எமது பழைய மாணவர் ஒருவரிடம் மறுநாள் இயந்திரத்தைக் கொண்டு சென்றோம். அவர் நெடுநேரம் தேடினார். சொற்செயலிகள் குறித்த இடைவேளைகளில் மீட்புப் பிரதி ஒன்றைத் தாமே எழுதி வைக்கும் வழக்கமுடையன. மைக்ரோசொப்ட் வேர்ட்டில் அவ்விடைவேளை இயல்பாக 10 நிமிடம். எமது கணினியில் அப்பிரதி இல்லை. என்னையெனில், அது பிரதி எழுதும்பொழுதெல்லாம் பழைய இயந்திரம் சற்றே தயங்குகின்றது என்று சினந்து, அவ்வசதியை யாமே நிறுத்தி வைத்திருந்தோம். “ஏன் சேர் இதை நிற்பாட்டினீங்கள்?” என்று மாணவர் கேட்டபோது, வீட்டுப் பாடம் செய்யாத சிறுவனைப் போலத் தலை குனிந்தோம்.

அன்று அவர் கற்பித்தவற்றையும், பின்னர் யாமே தேடி அறிந்தவற்றையும் ஈண்டுத் தருகின்றோம். எம்மைப் போல இரண்டு விரல்களாற் கணினியில் எழுதும் அன்பர்கள் பலர் உளர். அவர்கட்கு இது பயன்படக்கூடும்.

முதலாவது, சேமித்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்பது. முன்னைய எழுத்தின் மேல் கணினி புதிய எழுத்தை ஏற்றுகின்றது என்றே யாம் எண்ணியிருந்தோம். வேர்ட் செய்வது வேறு. அது முழு ஆவணத்தையும் தற்காலிகக் கோப்பு ஒன்றிற் புதிதாக எழுதி முடித்து, அதன் பின்னரே பழைய கோப்பை அகற்றி, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகின்றது. இதனால் இடையில் ஊறு நேரினும் பழைய கோப்பேனும் தப்பும். ஆயின் ஒரு கணம் பழையதும் புதியதும் அருகருகே இருத்தற்கு இடம் வேண்டும். நான்காம் நாள் யாம் இணைத்த படங்களாற் கோப்புப் பன்மடங்கு பருத்தது. பென் ட்ரைவில் எஞ்சியிருந்த இடம் அதற்குப் போதவில்லை. மூன்று நாளைய எழுத்துத் தப்பியதும், நான்காம் நாளைய எழுத்து ஏறாமற் போனதும் இக்காரணத்தினாலேயே. இயந்திரம் எமக்கு உண்மையையே இருமுறை உரைத்தது.

இரண்டாவது, உரிமை பற்றியது. பழையதை அகற்றிப் புதியதை வைக்க வேண்டியிருத்தலின், அந்தக் கோப்புறையில் எழுதவும் அழிக்கவும் வேர்ட்டுக்கு உரிமை வேண்டும். பாடசாலை, அலுவலகக் கணினிகளிற் சில கோப்புறைகளுக்கு அவ்வுரிமை வழங்கப்படுவதில்லை. அப்பொழுது அனுமதி இல்லை என்ற செய்தி வரும். வைரசுத் தடுப்பு மென்பொருள் கோப்பைச் சோதிக்கும்பொருட்டுப் பிடித்து வைத்திருந்தாலும் இத்தகைய தடை நேரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேர்ட் ஒரு கோப்பைத் திறந்ததும், இன்னார் இதனைத் திறந்துள்ளார் என்று குறிக்கும் சிறிய மறைகோப்பு ஒன்றை அதனருகே வைக்கும். அலைக்குறியும் டொலர்க் குறியும் அதன் பெயரின் முதலில் நிற்கும். மின்சாரம் திடீரென நின்றுவிட்டால் அச்சிறு கோப்பு அகற்றப்படாமல் எஞ்சிவிடும். மறுபடி திறக்கும்போது, இக்கோப்பு வேறொருவரின் கையில் உள்ளது என்ற அறிவிப்புத் தோன்றும். அந்த வேறொருவர் யாரென்று பார்த்தால் நம்முடைய பெயரே இருக்கும். வேர்ட்டை மூடி, அம்மறைகோப்பை அழித்துவிட்டால் தடை நீங்கும்.

மூன்றாவது, பெயர் பற்றியது. விண்டோஸ் இயங்குதளம் கோப்புப் பெயரில் ஒன்பது குறிகளை ஏற்பதில்லை. வினாக்குறி, உடுக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோட்குறி, நிலைக்கோடு, இருபுறமும் சாயும் கோடுகள் இரண்டு, சிறிது பெரிது என்று காட்டும் கணிதக் குறிகள் இரண்டு ஆகியன அவை. நாளைக் குறிக்கச் சாய்கோடு இட்டுப் பெயர் வைப்போர்க்கும், கட்டுரையின் தலைப்பை வினாக்குறியோடு பெயராகச் சூட்டுவோர்க்கும் இதனாற் பிழைச்செய்தி வரும். கோப்புறையினுட் கோப்புறையாக அடுக்கி, நீண்ட பெயர்களைச் சூட்டுவதாலும் இடர் உண்டு. கோப்பு இருக்கும் வழி முழுவதும் ஏறத்தாழ 260 குறிகளுள் அடங்குதல் வேண்டும். ஈண்டுத் தமிழர் ஒன்றை நினைவிற் கொள்ளல் தகும். இலக்கணப்படி ‘உடுவில்’ என்பது நான்கு எழுத்து. யூனிகோட் முறையில் இயந்திரம் அதனை ஏழாக எண்ணும். டகரத்தின் உகரக் குறியும், வகரத்தின் இகரக் குறியும், லகரத்தின் புள்ளியும் தனித்தனியே கணக்கிற் சேரும். தொல்காப்பியத்தை எண்ணி நாம் அளக்கும் எழுத்தளவும், பொறி அளக்கும் அளவும் வேறு.

நான்காவது, தமிழில் எழுதுவோர்க்கே உரிய பிழை. இது முன்னையவற்றினும் கொடிது. ஏனெனில் சேமித்தல் நிறைவேறியதுபோலவே தோன்றும். நம்மவர் பலகாலம் பாமினி எழுத்துருவில் எழுதி வந்தனர். பாமினியிற் ‘தமிழ்’ என்று எழுதும்போது கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகின்றது. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே தோன்றும். யூனிகோட் நியமத்திலோ 1991 ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் வகுக்கப்பட்டது. அதில் எழுதியது எங்குத் திறப்பினும் தமிழாகவே இருக்கும். ஆயினும் யூனிகோடில் எழுதிய ஆவணத்தை வெற்று உரையாகப் பழைய ‘ஆன்சி’ முறையிற் சேமித்தால், எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். அவ்வாறு செய்யுமுன் கணினி எச்சரிக்கை தருவதுண்டு. அதனையும் வாசியாமல் மூடுவோர் உளர். வினாக்குறியாக மாறிய எழுத்தை மீண்டும் எழுத்தாக்க எவராலும் இயலாது.

இனி, பிழைச்செய்தி தோன்றியவுடன் செய்யத்தக்கன இவை. ஆவணத்தை மூடலாகாது, கணினியை நிறுத்தலாகாது. எழுத்து இன்னும் நினைவகத்தில் உயிரோடு இருக்கின்றது. செய்தியை முழுதும் வாசித்து, தடை இடத்தாலா, உரிமையாலா, பெயராலா என்று அறிதல் வேண்டும். பின்னர் எப் 12 விசையை அழுத்தி, வேறு பெயரில், வேறிடத்தில், குறிப்பாகக் கணினியின் சொந்த வன்தட்டில் சேமித்துப் பார்க்க வேண்டும். எமது இடர் இவ்வொரு விசையிலேயே தீர்ந்திருக்கும். அதுவும் இயலாதெனில் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, பழையதன் இறுதிப் பந்திக்குறி ஒன்றை மட்டும் விடுத்து, எஞ்சியவற்றைப் பிரதி செய்து அதிற் சேர்த்தல் நன்று. பழுதுற்ற வடிவமைப்பு அவ்விறுதிக் குறியோடு ஒட்டி வருதல் உண்டு. அதுவும் பயன்படாதாயின் வெற்று உரையாக, யூ.டி.எப். 8 என்ற முறையைத் தெரிந்து சேமிக்கலாம். அழகு போகும், சொல் நிற்கும். எதுவுமே இயலாதபோது கைபேசியை எடுத்துத் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று மாலை எமது கைபேசி சட்டைப் பையிலேயே இருந்தது. முப்பத்தொரு பெயர்களும் இரண்டு படங்களில் அடங்கியிருக்கும். அந்நினைப்பு இன்றும் எம்மை உறங்கவிடுவதில்லை.

பென் ட்ரைவைப் பற்றியும் ஒரு சொல். அது சுமந்து செல்வதற்கு உரியது. வைத்து எழுதுவதற்கு உரியதன்று. வன்தட்டில் எழுதிச் சேமித்த பின் அதிற் பிரதி செய்க. முறைப்படி விடுவித்த பின்னரே அதனைக் கழற்றுக. எழுதிக்கொண்டிருக்கையிற் பிடுங்கினால் கோப்புச் சிதையும். வேறொரு கணினியிற் பிரதியைத் திறந்து பார்த்த பின்னரே, பேணினோம் என்று சொல்லுதல் தகும்.

நம் முன்னோர் இதனை வேறு கருவிகளோடு அறிந்திருந்தனர். ஓலை நிலையற்றது, ஆதலின் பழைய ஏடு இற்றுப்போகுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்த்தெழுதாத நூல்கள் அழிந்தன. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கைப்பட்ட ஏடுகள் சிதைந்து அழியும் நிலையை எண்ணி வருந்தினார். எமது உடுவிலில் 1820 ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றிய வின்சுலோ பாதிரியார், 1862 ஆம் ஆண்டு பேரகராதி ஒன்றை வெளியிட்டார். அதனைத் தொடங்கியவர் அவரல்லர், நைற் பாதிரியார். அவர் இறந்தபோது, சேர்த்துவைத்த சொற்கள் அவரோடு இறந்துவிடவில்லை. அடுத்தவர் கைக்குச் சென்றன. ஒருவர் எழுதியது இன்னொருவர் கையிலும் இருந்தமையாலேயே அப்பணி நிறைவெய்தியது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளே மீளாமற் போயின. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப் படங்களாக்கி வைப்பதும் இவ்வறிவினாற்றான். பிரதி ஒன்றாயின் அது பிரதியே அன்று என்பது ஓலைக்கும், தாளுக்கும், கணினிக்கும் ஒத்த விதி.

அறிவுரை நிற்க. ஆசிரியரிடம் எவ்வாறு மீண்டும் செல்வது என்று மூன்று நாள்கள் தயங்கினோம். நான்காம் நாள் சென்று நிகழ்ந்ததை உரைத்தோம். வகுப்பறையில் அவரது சினத்தை அறிந்தவர் ஆதலின் அதனையே எதிர்பார்த்து நின்றோம். அவர் சினக்கவில்லை. எழுந்து உள்ளே சென்று, ஒரு சிறிய திறப்பைக் கொண்டுவந்து எமது கையில் வைத்தார்.

“இது அந்தத் தகரப் பெட்டியின்ர திறப்பு, தம்பி. வெளிக்கிடேக்கை பூட்டிப்போட்டுக் கையோடை கொண்டு போனனான். தென்மராட்சியிலை இருந்த அவ்வளவு நாளும் இடுப்பிலை செருகி வைச்சிருந்தனான். திறப்பு இருக்கிற படியால் பெட்டியும் இருக்கெண்டு நினைச்சன். நீரும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறீர். இரும், திரும்பச் சொல்லுறன், எழுதும்.”

மீண்டும் சொல்லத் தொடங்கினார். இம்முறை கணினியோடு கொப்பியும் பேனையும் கொண்டு சென்றிருந்தோம். பெயர்கள் வந்தன, ஆனால் அன்றுபோல் வரவில்லை. முதல்முறை ஒரு பெயர் அடுத்த பெயரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. இம்முறை நடுவே நடுவே வழி அடைபட்டது. இரண்டு மாலைகளிற் பத்தொன்பது பெயர்கள் எழுதினோம். மிகுதியை நினைவு வரும்போது சொல்வதாகக் கூறினார். பின்னர் அவர் நோயுற்றார். அவ்வாண்டு ஆவணி மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். இறுதியாக யாம் சென்று பார்த்தபோது, “பன்னிரண்டு பேர் நிக்கினம் தம்பி, முகம் தெரியுது, பேர் வருகுதில்லை” என்றார்.

முதல்முறை எழுதிய எமக்கு அப்பெயர்கள் நினைவில்லையா என்று கேட்பீர்கள். எழுதுகிறோம் என்ற துணிவினால் யாம் எதனையும் நினைவிற் கொள்ளவில்லை. எமக்கு நினைவில் நின்ற இரண்டு பெயர்களும் அப்பத்தொன்பதினுள் அடங்கியவை. அன்று அவர் சொன்னவற்றின் பொருளை ஒருவாறு உரைக்க இன்றும் எம்மால் இயலும். நடந்து வந்த மாணவர்கள், அரிக்கன் இலாம்பின் ஒளியில் நிகழ்ந்த படியெடுப்பு, அட்டைச் சித்திரத்துக்கு எழுந்த வழக்கு என்றெல்லாம் எழுதலாம். அவை எமது சொற்களாய் இருக்குமேயன்றி அவருடையன ஆகா. பொருளை மீட்கலாம்; ஒருவரின் சொல்லையும், ஒருவனின் பெயரையும் ஊகித்து மீட்க முடியாது.

அவரது நினைவுரை இம்மலரிற் பிறிதோரிடத்தில் வெளிவருகின்றது. அதன் இறுதியிற் பத்தொன்பது பெயர்களும், அவற்றின் கீழே பன்னிரண்டு வெற்று வரிகளும் காணப்படும். அவை அச்சகத்தாரின் பிழையல்ல. எமது வேண்டுகோளுக்கு இணங்கி மலர்க்குழுவினர் விட்ட இடங்கள் அவை. ஆசிரியர் தம் உரையை அங்கே முடிக்கவில்லை. எமது பிழையால் அஃது அங்கே முடிந்தது என்பதை வாசிப்போர் அறிதல் வேண்டும்.

அன்பர்களே, அப்பன்னிருவருட் சிலரேனும் இன்று அறுபது எழுபது வயதினராய், உடுவிலிலோ, கொழும்பிலோ, கடல் கடந்த நாடுகளிலோ இம்மலரைக் கையில் வைத்திருக்கக்கூடும். மாணவப் பருவத்தில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகையில் நீங்கள் கதையோ கவிதையோ எழுதியதுண்டாயின், அல்லது உங்கள் வகுப்புத் தோழன் எழுதியது நினைவிருப்பின், மலர்க்குழுவின் வழியாக எமக்கு அறிவியுங்கள். முழு வரலாறு வேண்டுவதில்லை. பெயரும் ஊரும் போதும். வந்த கடிதம் ஒவ்வொன்றையும் கொப்பியிற் பதிந்து, கணினியில் எழுதி, வன்தட்டில் ஒன்றும் கல்லூரி நூலகத்தில் ஒன்றுமாக வைப்போம். ஒவ்வொரு பிரதியையும் திறந்து வாசித்த பின்னரே, எழுதியாயிற்று என்று ஆசிரியருக்கு மனத்தால் விடை சொல்வோம்.

அவர் தந்த திறப்பு எமது மேசையிற் கணினியின் அருகே இருக்கின்றது. ஒவ்வொரு நாளும் எழுத்தை முடித்து எழுமுன் அதனைப் பார்க்கின்றோம். பின்னர், கோப்பைத் திறந்து பார்க்கின்றோம்.